அடைப்புக்குறிக்குள் மெய்ரிக்

அந்த அந்து எதைத் தின்று வளர்ந்தது என்பது எட்வர்ட் மெய்ரிக்குக்குத் தெரியாது. அதன் புழுவை அவர் பார்த்ததில்லை. அது பறந்து திரிந்த ஹுவாங்காயோவுக்குப் போனதுமில்லை. பெரு நாட்டில், ஆண்டிஸ் மலையில், 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் அது. அங்கே பிடிபட்டு, ஊசி குத்தப்பட்டு, கடல் தாண்டி வந்த ஒற்றை ஆண் அந்து இங்கிலாந்தில் அவருடைய மேசைக்கு வந்து சேர்ந்தது. இறக்கையை விரித்தால் ஒரு சென்டிமீட்டர் தேறும். சாம்பல் உடம்பு, முன்னிறக்கையில் கறுப்புப் புள்ளிகள். முதல் உலகப்போர் உச்சத்தில் இருந்த 1917இல், லண்டன் பூச்சியியல் கழகத்தின் இதழில் தென்னமெரிக்கச் சிற்றந்துகளைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையின் பின்பகுதியில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கினார். தலை இப்படி, முன்னிறக்கை இப்படி, பின்னிறக்கை இப்படி, கிடைத்த ஊர் இது. பெயர் தோரிமியா அப்சொலூட்டா. அத்தோடு அடுத்த அந்துக்குப் போய்விட்டார்.

2014இல் மகாராஷ்டிரத் தக்காளித் தோட்டங்களில் இலைகள் தீய்ந்தது போல் காய ஆரம்பித்தன. கர்நாடகத்திலிருந்தும் அதே செய்தி வந்தது. அடுத்த ஆண்டுக்குள் கிருஷ்ணகிரி, தருமபுரி, கோவைப் பக்கங்களிலும் அது இருந்தது. காரணமான பூச்சியைப் பிடித்து ஆராய்ந்தவர்கள் எழுதிய பெயர் டூட்டா அப்சொலூட்டா. அதாவது மெய்ரிக்கின் ஹுவாங்காயோ அந்து, வேறு முதற்பெயரோடு. 97 ஆண்டுகளில் அது கடந்த தூரத்தைவிட, அதன் பெயர் கடந்த தூரம்தான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

மெய்ரிக் அறிவியல் நிறுவனம் எதிலும் சம்பளம் வாங்கியவரல்லர். 1854இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சில ஆண்டுகள் பள்ளி வேலை பார்த்தவர். 1887இல், தான் படித்த மார்ல்பரோ பள்ளிக்கே கிரேக்கமும் லத்தீனும் சொல்லித்தரும் வாத்தியாராகத் திரும்பினார். 1914இல் ஓய்வு. அந்து வேலைக்கு மட்டும் 1938இல் சாகும்வரை ஓய்வில்லை. 14,000க்கு மேற்பட்ட சிற்றினங்களுக்குப் பெயர் வைத்தார். அறுபது ஆண்டு உழைப்பு என்று வைத்துக்கொண்டால்கூட ஆண்டுக்கு இருநூறைத் தாண்டுகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் லத்தீன் பிழைகளைத் திருத்திவிட்டு வீட்டுக்கு வந்து செய்த வேலையும் இந்தக் கணக்கில் அடக்கம். 1904இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. 1912 முதல் 1937 வரை, உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் தனக்கு வந்த அந்துகளை விவரிக்கவே ‘எக்ஸாட்டிக் மைக்ரோலெப்பிடாப்டெரா’ என்ற வெளியீட்டைத் தானே நடத்தினார். சேர்த்து வைத்திருந்த மாதிரிகள் ஏறக்குறைய ஒரு லட்சம். அவை இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இவ்வளவையும் அவர் கைக்கண்ணாடியும் கண்ணுமாகவே செய்தார் என்பதுதான் வேடிக்கை. இறக்கையில் நரம்புகள் எப்படிப் பிரிகின்றன, செதில்களின் நிறம் என்ன, முகத்திலிருந்து மேல்நோக்கி வளையும் இரண்டு நீட்சிகளின் வடிவம் என்ன, இவை போதும் என்று நினைத்தார். அவர் காலத்திலேயே மற்றவர்கள் அந்தின் வயிற்று நுனியைப் பிரித்து, இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்து இனங்காணத் தொடங்கிவிட்டார்கள். மெய்ரிக் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அந்த முறையின் மேல் அவருக்கு மரியாதையும் இல்லை.

அவருடைய பிடிவாதம் எந்த இடத்தில் இடறும் என்பது சிற்றந்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே புரிந்துவிடும். இந்தத் தக்காளி அந்து கெலிக்கிடே குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரிடப்பட்டவை மட்டும் 4,700க்கு மேல் உள்ள பெரிய குடும்பம். நம் வீட்டு நெல் குதிரில் பறக்கும் அந்தும் பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவாக வந்து நிற்பதும் உருளைக்கிழங்கைக் குடைவதும் இதே குடும்பத்தார். பின்னிறக்கையின் நுனிக்குக் கீழே விளிம்பு உள்வாங்கி, விரல் நீட்டியது போல் தெரியும். அது குடும்ப அடையாளம். குடும்பத்தைத் தாண்டிச் சிற்றினத்துக்கு வரும்போதுதான் சிக்கல். சாம்பலில் கறுப்புப் புள்ளி, கறுப்பில் சாம்பல் புள்ளி என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பொறியில் ஒரு ராத்திரி சிக்கித் துடித்து, செதில் உதிர்ந்து கிடப்பதற்கு நிறமும் கிடையாது, புள்ளியும் கிடையாது.

அப்படிச் செதில் உதிர்ந்த ஒன்றை நண்பர் ஒருவர் தன் ஆய்வகத்தில் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையில்லாத மெல்லிய எஃகு ஊசி ஒன்று அதன் நெஞ்சில் குத்தியிருந்தது. முடியைவிடச் சற்றுப் பருமன், அவ்வளவுதான். இடுக்கியால் வயிற்றைக் கீழிருந்து மேலே ஒரு நெம்பு நெம்பினார், கழன்று வந்துவிட்டது. அதைச் சின்னக் குப்பியில் பத்து விழுக்காட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுச் சூடாக்கினார். சதையும் கொழுப்பும் கரைந்து, கைட்டின் கூடு மட்டும் கண்ணாடி போல மிஞ்சுகிறது. பிறகு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர், சாராயம் என்று மாற்றி மாற்றி விட்டு, நுனியில் நாலைந்து மயிரே மிச்சமிருந்த தூரிகையால் ஒட்டியிருந்த செதில்களைத் தள்ளினார். செதில் போகப் போக உள்ளே இருந்தது தெரிந்தது. இரண்டு பக்கமும் விரல் நீட்டியது போன்ற இரண்டு பிடிப்புறுப்புகள், நுனியில் முடி, உள்விளிம்பில் ஒரு புடைப்பு. நடுவில் உறைவாள் மாதிரி ஒரு குழல். ‘இந்தப் புடைப்பு இருந்தா அப்சொலூட்டா. இல்லேன்னா நமக்கு ராத்திரி சாப்பாடு லேட்டு’ என்றார் கண்ணெடுக்காமல். புடைப்பு இருந்தது. சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, எண்ணெழுதி, அதே எண்ணை ஊசியிலிருந்த வயிறற்ற அந்தின் கீழும் ஒரு சீட்டில் குத்தினார். அந்த இரண்டு எண்களும் பொருந்தாமல் போனால் செய்த வேலை முழுவதும் வீண்.

மெய்ரிக் செய்ய மறுத்தது இதைத்தான். அவருக்குப் பதிலாகச் செய்தவர் ஜே. எஃப். கேட்ஸ் கிளார்க், வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காரர். லண்டனில் இருந்த மெய்ரிக்கின் மூல மாதிரிகளை வரிசையாக எடுத்து, உறுப்புகளைப் பிரித்துப் படம் பிடித்தார். 1955இல் முதல் தொகுதி வந்தது, 1970இல் எட்டாவது. ஒருவர் ஓட்டத்தில் செய்ததை இன்னொருவர் உட்கார்ந்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது. வகைப்பாட்டாளர்கள் மெய்ரிக்கைத் திட்டுவதற்கு இதுதான் முதல் காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் நான் அவர் கட்சியில் ஒரு கால் வைத்துக்கொள்கிறேன். அவர் விவரிப்பு போதாமல் போகலாம். ஆனால் விவரித்த அந்தை அவர் தூக்கி எறியவில்லை. ஊர்ச்சீட்டோடு, ஊசியோடு, வயிற்றோடு விட்டுவைத்தார். கிளார்க்குக்குப் பிரித்துப் பார்க்க ஏதோ இருந்தது என்றால் அதனால்தான்.

ஒற்றை மாதிரி ஏமாற்றவும் செய்யும். ஹுவாங்காயோச் சீட்டை மட்டும் படிக்கிறவர் இதை மலைக்குளிர்ப் பூச்சி என்றே நினைப்பார். பிற்பாடு இதைப் பற்றித் தொகுக்கப்பட்ட ஐரோப்பியத் தாவரப் பாதுகாப்புக் குறிப்புகளோ, ஆண்டிஸில் 1,000 மீட்டருக்கு மேலே குளிர் இதைத் தடுத்துவிடுகிறது என்று சொல்லின. மூல மாதிரி அதன் இயல்பான வீட்டிலிருந்து கிடைத்ததா, வழி தவறி ஏறியதா, தக்காளிக் கூடையோடு போனதா? சீட்டில் ஊரும் உயரமும் இருக்கும். காரணம் இருக்காது. பெயரைச் சுமப்பதற்கு இயல்பான மாதிரிதான் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. முதலில் கைக்குக் கிடைத்தது எதுவோ அதுவே சுமக்கிறது.

இனி பேரினத்தின் கதை. தோரிமியா என்ற பேரினத்தை 1902இல் ஏற்படுத்தியவரும் மெய்ரிக்தான். உருளைக்கிழங்கு அந்துக்காக ஏற்படுத்தினார். 1906இல் இத்தாலியிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு இந்தியாவுக்குள் நுழைந்ததாகச் சொல்லப்படும் அதே அந்து. ஹுவாங்காயோ அந்து அதன் பக்கத்து உறவு என்று அவர் கைக்கண்ணாடி சொன்னது. பின்னால் வந்தவர்கள் ஒப்பவில்லை. செக் நாட்டுப் பூச்சியியலாளர் டாலிபோர் பவோல்னி இந்தக் கூட்டத்தை வாழ்நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து அடுக்கியவர். 1960களில் அது ஸ்க்ரோபிபால்புலாவுக்குப் போனது. அதே காலத்தில் கிளார்க் அதை நோரிமோஸ்கெமாவில் வைத்தார். 1987இல் பவோல்னி ஸ்க்ரோபிபால்புலாய்டிஸ் என்று புதுப் பேரினமே ஏற்படுத்தி அதற்குள் குடியேற்றினார். 1994இல் அங்கிருந்தும் கிளப்பினார். 1910இலேயே வேறொரு தென்னமெரிக்க அந்துக்காக ஏற்பட்டிருந்த டூட்டா என்ற பேரினத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் பின்பெயர் அப்சொலூட்டாதான். வீடு மாறியதே தவிர ஆள் மாறவில்லை.

இந்த வீடு மாறலைச் சுட்ட விலங்குப் பெயரீட்டு விதிநூல் ஒரு சிக்கனமான வழி வைத்திருக்கிறது. பெயர் வைத்தவர் முதலில் வைத்த பேரினத்திலேயே சிற்றினம் இருந்தால், அவர் பெயரும் ஆண்டும் வெறுமனே பின்னால் வரும். பேரினம் மாறிவிட்டால் அடைப்புக்குறிக்குள் போகும். ஆகவே பல பத்தாண்டுகளாக இந்த அந்து ‘டூட்டா அப்சொலூட்டா (மெய்ரிக், 1917)’ போன்ற வடிவங்களில்தான் அச்சேறியது. பார்த்தவுடன், ‘ஓ, வாத்தியார் இதை வேறு இடத்தில் வைத்திருந்தார்’ என்று தெரிந்துகொள்ளலாம். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று அந்தக் குறி சொல்லாது. மாறியிருக்கிறது என்பதோடு அதன் வேலை முடிந்தது.

2021இல் வாஷிங்டன் பூச்சியியல் கழக இதழில் சாங், மெட்ஸ் என்ற இருவர் இந்தக் கூட்டத்தின் உடற்கூறுகளை மறுபடி ஒப்பிட்டு, கிளைவழி ஆய்வு செய்தார்கள். அவர்களுடைய மரத்தில் இந்த அந்து போய் உட்கார்ந்த இடம் தோரிமியா. கைக்கண்ணாடிக்காரர் 1917இல் வைத்த அதே இடம். அடைப்புக்குறி கழன்றது. ‘தோரிமியா அப்சொலூட்டா மெய்ரிக், 1917’.

மெய்ரிக் கடைசியில் ஜெயித்துவிட்டார் என்று இதைச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அது கணக்கைத் தப்பாகப் போடுவது. அவர் இறக்கையைப் பார்த்து வந்த இடத்துக்கு இவர்கள் வேறு சான்றுகளோடு வேறு வழியில் வந்திருக்கிறார்கள். பவோல்னி பிரித்ததும் வெறும் தவறல்ல. அவர் வரைந்து வைத்த உறுப்புப் படங்கள் இல்லாமல் பிற்பாடு யாரும் எதையும் ஒப்பிட்டிருக்க முடியாது. நாளைக்கு மரபணு வரிசைகளோடு ஒருவர் வந்து இன்னொரு கிளையில் ஏற்றினால் அடைப்புக்குறி திரும்ப வரும். இது எது என்ற கேள்விக்கு அன்று சாயங்காலமே பதில் வேண்டும். இது யாருக்கு உறவு என்ற கேள்வி நூறு ஆண்டுகள் திறந்தே கிடக்கலாம், யாரும் சாக மாட்டார்கள்.

சாயங்காலமே பதில் வேண்டும் என்பதை ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றால் ஒத்துக்கொள்வீர்கள். தக்காளி இலையில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகும் பூச்சி அங்கே முன்பே ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த லிரியோமைசா என்ற ஈ. அதன் புழு போட்ட கோடு, சிக்குக் கோலத்தில் கை எடுக்காமல் இழுத்த இழை போல, மெலிசாக வளைந்து வளைந்து போகும். அப்சொலூட்டா குடைந்த இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் கோடு இல்லை. மேல்தோலும் கீழ்த்தோலும் மட்டும் மிஞ்சிய அகலமான வெளிறிய திட்டு, அதற்குள் ஓரமாக ஒதுக்கப்பட்ட கறுப்பு எச்சம், பக்கத்தில் பச்சையாக ஒரு புழு. தோலைக் கிழித்துப் புழுவை உள்ளங்கையில் விட்டால் அதற்குக் கால்கள் உண்டு. ஈயின் புழுவுக்குக் கால் கிடையாது. தலைக்குப் பின்னால் முதல் கண்டத்தின் கடைசி விளிம்பில் மெல்லிய கறுப்புப் பட்டை ஒன்று ஓடும். உருளைக்கிழங்கு அந்தின் புழுவுக்கு அந்த இடம் முழுவதுமே கறுப்பு. அந்தை வெட்ட வேண்டியதில்லை, கைக்கண்ணாடியே போதும்.

‘பழைய காய்ப்புழு இல்லைங்க சார் இது. அது காயிலதான் பெருசா ஓட்டை போடும். இது காம்படியில ஊசி குத்தின மாதிரி போட்டுட்டு உள்ள போயிடுது. இலை, தண்டு, காய் ஒண்ணும் விடறதில்லை’ என்றார் அந்தத் தோட்டக்காரர். ஊசிப்புழு என்று பலரும், டூட்டா என்றே சிலரும் சொல்கிறார்கள். மருந்துக்கடை வழியாக வந்த பெயராக இருக்கும். பேரினம் மாறிய செய்தி அங்கே வர நாளாகும். வராவிட்டாலும் பயிருக்கு நட்டமில்லை. ஈக்கென்று தெளிக்கும் மருந்தை இதற்குத் தெளித்தால்தான் நட்டம். ஒரு பெண் அந்து 260 முட்டை வரை இடும். சூடான இடத்தில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது கிளம்பிவிடும். கட்டுப்படுத்தாமல் விட்ட வயலில் மகசூல் முழுவதும் போனதுண்டு. தவறான பெயரில் ஒரு மாதம் கழிந்தால் தோட்டக்காரருக்கு அந்தப் பருவம் இல்லை.

இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் பெயரை நம்பித்தான். பெண் அந்து விடும் வாசனை என்ன சேர்மம் என்பதை 1990களின் நடுவில் வேதியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதைச் செயற்கையாகச் செய்து, ரப்பர்த் துண்டில் ஊற வைத்து, தண்ணீர்த் தட்டின் மேலே தொங்கவிட்டால் ஆண்கள் வந்து விழுகின்றன. ஆனால் வாசனைக்கு அப்சொலூட்டா மட்டும் வருவதில்லை. உறவுக்கார அந்துகளும் சில விழும். தட்டில் மிதக்கும் சாம்பல் நிறச் சருகுகளை எண்ணி ‘இத்தனை விழுந்தால் மருந்து’ என்று முடிவெடுப்பவர், தான் எதை எண்ணுகிறோம் என்று அறியாமலே எண்ண நேரிடலாம்.

வெளிநாட்டுப் பயணக் கதையைச் சுருக்கிவிடுகிறேன், அது எல்லாரும் எழுதியதுதான். 2006 முடிவில் ஸ்பெயினின் காஸ்டெல்லோன் பகுதியில் கால்வைத்தது. பத்தாண்டுக்குள் மத்தியதரைக் கடலைச் சுற்றிவந்து ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இறங்கியது. மத்தியதரைப் பகுதிக்கு வந்தது சிலி நாட்டின் நடுப்பகுதியிலிருந்து ஒரே ஒரு முறை நுழைந்த கூட்டம் என்று 2015இல் மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. மெய்ரிக்கின் ஹுவாங்காயோவுக்கு அதில் பங்கில்லை.

பெயர் தாமதமாகத் திருந்துவதற்கு நம் பக்கத்து உதாரணம் தென்னை கருந்தலைப்புழு. மெய்ரிக் 1905இல் அதற்கு வைத்த பெயர் நெஃபான்டிஸ் செரினோபா. தமிழ்நாட்டு வேளாண் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதையே மனப்பாடம் செய்தார்கள். அதே அந்துக்கு வாக்கர் என்பவர் 1864இலேயே ஒபிசினா அரெனோசெல்லா என்று பெயர் வைத்துவிட்டார் என்பது வெகுகாலம் கழித்துத்தான் உறுதியானது. முந்தியவருக்கே உரிமை என்பது விதி. நெஃபான்டிஸ் போயிற்று. பழைய புத்தகத்தில் படித்த பேராசிரியர்கள் சிலர் இன்னும் வகுப்பில் நெஃபான்டிஸ் என்றே சொல்வார்கள் என்று கேள்வி. எனக்கு அதில் குறை தெரியவில்லை. 1970க்கு முந்திய ஒட்டுண்ணி ஆய்வுகளைத் தேடுகிறவருக்கு அந்தப் பெயர்தான் சாவி. அப்சொலூட்டாவுக்கும் அப்படித்தான் ஆகும். இரை விழுங்கும் நாவாய்ப்பூச்சி, முட்டை ஒட்டுண்ணி, எந்த மருந்துக்கு எதிர்ப்பு வந்தது என்று 2006க்குப் பிறகு எழுதிக் குவிந்த எல்லாமே டூட்டா பெயரில் கிடக்கிறது.

மெய்ரிக்குக்கு இந்தியாவிலிருந்து அந்து அனுப்பியவர்களில் முக்கியமானவர் தாமஸ் பெயின்ப்ரிக் பிளெட்சர். கடற்படையில் கணக்குப் பார்த்தவர், பூச்சிக்காரராக மாறியவர். கோயம்புத்தூரில் சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராக இருந்து, பிறகு பீகாரின் புசாவுக்கு ஏகாதிபத்தியப் பூச்சியியலாளராகப் போனார். ‘சம் சவுத் இந்தியன் இன்செக்ட்ஸ்’ என்ற அவருடைய புத்தகம் 1914இல் வந்தது. பிளெட்சர் ஓர் இடத்தில் மெய்ரிக்கை மிஞ்சினார். இலையோடு புழுவைக் கொண்டுவந்து, வளர்த்து, கூட்டுப்புழுவாக்கி, அந்தாகப் பறக்கவிட்டுப் பிடிப்பார். 1920, 1921 வாக்கில் வெளியான சிற்றந்து வாழ்க்கை வரலாறுகளில் எது எந்தச் செடியைத் தின்றது, எப்படிக் குடைந்தது என்று எழுதியிருப்பார். ஹுவாங்காயோச் சீட்டில் இல்லாதது அங்கே இருக்கிறது. இவர் இங்கே வளர்க்க, அவர் அங்கே பெயர் வைக்க, மூல மாதிரிகள் கப்பலேறிப் போய்விட்டன.

இன்றைக்குக் கோவையில் தக்காளிப் பொறியில் விழுந்து, வயிறு பிரித்துப் பார்த்தும் அப்சொலூட்டா இல்லை என்று ஒதுக்கப்படும் சாம்பல் அந்துகளுக்குப் பெயர் தேடுகிறவர், பெரும்பாலும் பிளெட்சர் அனுப்பிய மாதிரிகளிடமே போய் நிற்க வேண்டும். லண்டனுக்குப் போக முடியாதவர் கிளார்க்கின் எட்டுத் தொகுதிகளை இணையத்தில் திறந்து, இறக்கைப் படத்தையும் அதனருகே உள்ள உறுப்புப் படத்தையும் தன் கண்ணாடிச் சில்லோடு ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். படங்கள் கறுப்பு வெள்ளை. ஒரு அந்துக்கு அரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.